மரத்துக்கு ஒரு ஸ்தோத்திரம்

முதல் மரத்தில் கத்தியை வைத்தபோதே றசலையனுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வாயில் ஸ்தோத்திரம் வராது, சாபம்தான் வரும் என்று. வரட்டுமே. நேற்றுச் சாயங்காலம் அரை மணி நேரம் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தீட்டிய கத்தி. ரப்பர் மரத்தில் பால் வெட்ட இத்தனை கூர் எதற்கு? பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவினால் போதும், பால் தானாகக் கசியும். இது மரத்துக்குத் தீட்டினது இல்லை. ஒன்பது மணிக்குச் சபைக் கமிட்டிக்காரர்களோடு வீட்டுக்கு வரப்போகிற மருமகன் றெஜினுடைய கழுத்துக்குத் தீட்டினது. ஆமாம், கழுத்துக்குத்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. கிறிஸ்மஸ் கோழியைக்கூட அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றே ஐம்பத்தெட்டு வயசை எட்டின மனுஷன். அந்தக் கைதான் இப்போது, பட்டையில் காய்ந்து ஒட்டியிருந்த பழைய பாலை நாராக உரித்து எறிந்துவிட்டு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்து ஓர் இழுப்பு இழுத்தது. சீவல் சுருண்டு விழுந்தது. வெள்ளையாகப் பால் துளிர்த்து, கோடாகி, ஓடி, மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் சொட்டியது. இதே சரிவுதான், காதுக்குக் கீழே தொடங்கினால் தொண்டைக்குழியில் வந்து முடியும். வெள்ளைக்குப் பதில் சிவப்பு, அவ்வளவுதானே வித்தியாசம். எங்கேயோ மேலே ஒரு காய் டப்பென்று வெடித்தது, அவன் தோள் துள்ளியது. ஆவணி மாசம், ரப்பர் காய் வெடிக்கிற காலம், முப்பது வருஷமாகக் கேட்கிற சத்தம், ஆனால் மூன்று வாரமாக அது காய் வெடிக்கிற சத்தமாக இல்லை, எலும்பு முறிகிற சத்தமாக இருந்தது. மகளின் தாடை எலும்பு. இரண்டு இடத்தில். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், இதோ பாருங்க, இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான், இல்லை, அது அன்றைக்கு இல்லை, இன்றைக்கு, இப்போது, அடுத்த மரத்துக்குப் போனான்.

இருநூற்று எழுபது மரம். ஒரு மரத்துக்கு ஒரு ஸ்தோத்திரம். ஆறு வருஷத்துக்கு முன்னே அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கின வழக்கம் இது. அவள் இருந்தவரை காலையில் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் ஸ்தோத்திரம் வரிசையாக வாசிப்பாள், இவன் கட்டிலில் புரண்டுகொண்டே 'ஆமென்' போடுவான். அவள் போனதும் புத்தகம் கிடந்தது, இவனுக்கோ பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை. சரி, கண்ணுக்குப் பிடிபடுகிறதைச் சொல்லுவோம் என்று தொடங்கினான். மரத்தடியில் நிற்கிறபோது எது கண்ணில் படுகிறதோ அதற்கு ஒரு நன்றி. தரையில் கிடக்கிற ரப்பர் விதைக்கு ஸ்தோத்திரம், அதன்மேல் தவிட்டு நிறத்தில் கோலம்போலப் புள்ளி போட்டதற்கு ஸ்தோத்திரம், ஒரு விதையின் புள்ளி இன்னொரு விதைக்கு இல்லாததற்கு ஸ்தோத்திரம். சொன்னதையே அன்றைக்குத் திருப்பிச் சொல்லக்கூடாது. அதுதான் கஷ்டம், அதுதான் ருசியும். நூறு மரம் தாண்டினால் கண்ணில் பட்டதெல்லாம் தீர்ந்துபோகும், அப்புறம் உற்றுப் பார்க்க வேண்டும். அப்படித்தான் அவன் பார்த்தான், பட்டையில் படர்ந்த பாசிக்குள்ளே மிளகளவு குடை பிடித்து நிற்கிற காளானை, சிலந்தி வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு பனி, ஒவ்வொரு சொட்டிலும் தலைகீழாக ஒரு தோப்பு. இருபத்துநாலு வருஷம் இந்தச் சரிவில் ஏறி இறங்கின குருடனுக்கு ஆண்டவர் ஐம்பத்திரண்டாம் வயசில் கண்ணைத் திறந்துவிட்டார் என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னான். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லையே, மனுஷனுக்குப் பெருமை ஏறிவிட்டதே. தானாகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டான். இடையில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அன்றைய ஸ்தோத்திரம் செல்லாது. யார் கேட்டார்கள் இந்தச் சட்டத்தை? ஆண்டவர் கேட்டாரா? அட பாவி மனுஷா, நீயே போட்டாய், நீயே பூட்டினாய், சாவியை எங்கே வைத்தாய்.

முப்பதாவது மரம், முப்பத்தொன்றாவது மரம், கை தன்பாட்டுக்கு உரிக்கிறது, இழுக்கிறது, நகர்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னே, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மேட்டுப் பாறையை ஒட்டின வரிசையில் நின்றான். பாறை வெடிப்பில் காசித்தும்பைச் செடி ஒன்று, ஒரே ஒரு பூவோடு. இளம் சிவப்பு, இதழின் அடியில் ஒரு வால் நீண்டு வளைந்து, அந்த வாலின் நுனியில் தேன், அந்தத் தேனைத் தேடி ஒரு குட்டி எறும்பு. அவன் குனிந்து நின்று, ஆண்டவரே, யாரும் வராத இந்தப் பாறைக்கு இப்படி ஒரு பூவா, என்று தொடங்கியபோது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பெனிலா. மகள் தினமும் கூப்பிடுவாள், சாயா குடிச்சியளா அப்பா, கால் வேதனை எப்பிடி இருக்கு, என்று. வேறு எதற்கு இருக்கும். முடிச்சிட்டுக் கூப்பிடுவோம் என்று பையில் போட்டான். இரண்டாம் தடவை அடித்தது. இந்தப் பிள்ளைக்குப் பொறுமை கிடையாது, அம்மையைப் போல. மூன்றாம் தடவை அடித்தபோது அவன் எடுத்து அமுக்கினான். கட்டைவிரலால். சிவப்புப் பொட்டை. அமுக்கிவிட்டுப் பூவுக்கு மிச்ச ஸ்தோத்திரத்தைச் சொல்லி முடித்தான். எட்டு மணிக்கு இவன் கூப்பிட்டபோது எடுத்தவள் பக்கத்து வீட்டுப் பெண். பெனிலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க, குளிமுறியில வழுக்கி விழுந்துட்டாளாம். வழுக்கி விழுந்தாளாம். குளியலறைக்குள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு தடவை அடித்து நின்றது, மூன்றாம் தடவை பாதியில் அறுந்தது, அதற்குள் றெஜின் கதவை உடைத்துவிட்டான். கையில் சப்பாத்திக் கட்டை. ஒரு மரக்கட்டை, அரை முழ நீளம், கல்யாணத்துக்கு இவன் வாங்கிக் கொடுத்த பாத்திரச் சாமான்களோடு போனதுதான். என்ன காரணம்? சட்டை தேய்க்கவில்லை. ஒரு சட்டை. டப். இன்னொரு காய் வெடித்து விதை இவன் காலடியில் தெறித்தது, புள்ளி போட்ட விதை, அழகான விதை, இவன் செருப்புக்காலால் அதைத் தரைக்குள் அழுத்தி மிதித்தான்.

எந்தப் பூ அது, எந்த எறும்பு, எறும்புக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேனே. அந்த நேரம் அங்கே கட்டை ஓங்கியது, இங்கே நான் எறும்பின் இடுப்பு எத்தனை மெலிசு என்று ஆச்சரியப்பட்டேன். ஒரே நேரம். ஒரே ஆண்டவர். ரெண்டையும் பார்த்துக்கொண்டு இருந்தாரே, ஒரு தட்டு தட்டக்கூடாதா, லே றசலையா, பூவை விடு, போனை எடு என்று. எடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பஸ் பிடித்துப் போக ஒன்றரை மணி நேரம். ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் போனுக்குள்ளே கத்தியிருக்கலாம். றெஜினே, எனக்க மகமேல கை வச்சா ஒன்னெக் கொல்லுவேன் என்று கத்தியிருந்தால் அது குளிமுறிச் சுவரில் எதிரொலித்திருக்கும், ஒரு நிமிஷம் அவன் கை நின்றிருக்கும், அந்த ஒரு நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்திருப்பாள். ஒரு நிமிஷம். ஒரு ஸ்தோத்திரம் சொல்லுகிற நேரம். அறுபதாவது மரத்துக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே எதிர்க்கொப்பில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அலகில் ஓர் அரணை. உயிரோடு. வாலைச் சுழற்றிக்கொண்டு கிடந்தது. மீன்கொத்தி தலையைச் சாய்த்து அதைக் கொப்பில் அடித்தது. ஒரு அடி. இன்னொரு அடி. படார், படார் என்று இடமும் வலமுமாக. அந்த நேரம் பார்த்துத்தானா வெயில் இலைகளுக்குள்ளே புகுந்து அதன் முதுகில் விழ வேண்டும். நீலம். கடலில் இல்லாத, வானத்தில் இல்லாத, எந்தச் சேலைக்காரனும் சாயம் ஏற்ற முடியாத நீலம், ஒவ்வோர் அடிக்கும் பற்றிப் பற்றி எரிந்தது. இவன் வாய் தன்னை அறியாமல் திறந்தது. 'ஸ்தோ' என்று வந்தது. அப்படியே பல்லைக் கடித்தான், நாக்கு நடுவில் மாட்டி ரத்தம் உப்புக் கரித்தது. வெக்கமில்லியா ஆண்டவரே ஒமக்கு? இண்ணைக்குப் போயி இந்த லெட்சணமா? எனக்க பிள்ளைக்க மொகம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு, நீரு இங்க நீலம் பூசிட்டு இருக்கீரு. அவன் கீழே கிடந்த கல்லை எடுத்து வீசினான். பறவை அரணையோடு எழுந்து போய்விட்டது. நீலம் மட்டும் கண்ணுக்குள்ளே நின்று தொலைத்தது. எத்தனை சிமிட்டியும் போகவில்லை.

நூறு தாண்டியது. வியர்வை. நேற்றுச் சாயங்காலம் கத்தி தீட்டுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதைத்தான் அவன் மனசு காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போகிறது. பெனிலா இவன் வீட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து குழலில் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறது, வாய் திறக்காது. பல்லிடுக்கில் நாலு வார்த்தை பேசலாம் என்றார் டாக்டர். அவள் பேசவில்லை. அழக்கூட இல்லை. பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டுவாள். ஆஸ்பத்திரியில் முதல் நாள் எழுதினது, 'அப்பா வெட்டுல நிண்ணிருப்பிய, அதான் எடுக்கல்லண்ணு நெனச்சேன்.' நெனச்சாளாம். கட்டையடி வாங்குகிற நேரத்திலும் அப்பனுக்குச் சாக்குத் தேடியிருக்கிறாள். அந்த வரியை வாசித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். நான் அமுக்கினேன் மக்களே என்று சொல்லவில்லை. நேற்று எழுதினது இன்னொரு வரி. நோட்டைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'என்னெ அனுப்பிருவியளா அப்பா?' அவன் என்ன செய்தான்? தோட்டத்துப் பக்கம் பார்த்தான். கமிட்டி வரட்டு, பேசிப் பாப்போம், என்றான். அவள் நோட்டை மூடினாள். அந்த நோட்டு மூடின சத்தம் ஒரு சத்தமா? இலை விழுகிற சத்தம்கூட இல்லை. ஆனால் அவன் எழுந்து போய்க் கத்தியை எடுத்தான், கல்லை எடுத்தான். கமிட்டி என்ன பேசும் என்று அவனுக்குத் தெரியாதா? சற்குணம் சார் செயலாளர், நல்ல மனுஷன், இவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர், நடு உச்சி எடுத்து எண்ணெய் வைத்த தலையோடு உட்கார்ந்து மன்னிப்பைப் பற்றி ஒரு வசனம் சொல்லுவார். பொண்ணு வாழாவெட்டியா இருந்தா சபைக்கு நல்லதா றசலையா, பையனும் மனம் திரும்பிட்டான், எனக்க முன்னால கண்ணீர் விட்டான், என்பார். இவன் கையைக் கட்டிக்கொண்டு, செரி சாறே, நீங்க சொன்னா செரிதான், என்பான். சொல்லிவிடுவான். அதுதான் பயம். ஐம்பது வருஷமாகச் சற்குணம் சாரிடம் 'இல்லை' என்கிற வார்த்தையை அவன் சொன்னது கிடையாது. அதனால்தான் கத்தி. பாருங்கள் கதையை, ஒருத்தன் கழுத்தை அறுக்க இவனுக்குத் துணிச்சல் இருக்கிறது, நடு உச்சி எடுத்த ஒரு வாத்தியார் முகத்தைப் பார்த்து, அனுப்பமாட்டேன் சாறே, என்று சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

அறுத்துவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். போலீஸ் வரும், ஜீப்பில் ஏறுவேன், அவ்வளவுதான், பேசவே வேண்டாம். கொன்றால் அவளை யாரிடம் அனுப்புவார்கள்? ஆள் இருந்தால்தானே. இது நல்ல கணக்காகத்தான் பட்டது, நூற்றுப் பதினைந்தாவது மரத்தில் நல்ல கணக்கு, நூற்று இருபதிலும் நல்ல கணக்கு. அப்புறம் பெனிலா யாரோடு இருப்பாள்? அடுக்களைப் படியில் தனியாக உட்கார்ந்து, குழல் வைத்து. யார் அவளுக்குக் கஞ்சியை மிக்ஸியில் அரைத்து வடிகட்டிக் கொடுப்பார்கள்? சவத்தெ விடு, யோசிக்காதே, யோசித்தால் கை தளரும். இதோ இந்த மரம் றெஜின். இந்த முண்டு அவன் தோள். உரி. இழு. வழுக்கி விழுந்தாளா, பட்டி நாயே, வழுக்கி விழுந்தாளா, கல்யாணத்தன்று இந்தத் தோப்பில் நின்று உனக்காகவும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேனே, என் பிள்ளைக்கு நல்ல துணை தந்தீரே என்று இந்த வாயாலேதானே சொன்னேன், இழு, இன்னும் இழு. கத்தி பட்டையைத் தாண்டிக் கடினமாக எதிலோ இடித்து நின்றது. கையில் ஒரு அதிர்ச்சி. பார்த்தான். மரத்தின் தடி தெரிந்தது, பட்டைக்குள்ளே அந்த வெளுத்த மஞ்சள் எலும்பு. முப்பது வருஷத்தில் ஒரு மரத்துக்கும் அவன் காயம் வைத்தது இல்லை. எந்த முதலாளியையும் தன்னை ஒரு சொல் சொல்ல அவன் விட்டது இல்லை. பால் வெட்டுச் சாலில் ஓடாமல் காயத்திலிருந்து கட்டுப்பாடில்லாமல் வழிந்து, பட்டையெல்லாம் பரந்து, வேரில் சொட்டியது. அவனுக்குப் பதறி வெப்ராளம் பிடித்தது. ஐயோ, ஐயோ, என்று சத்தம் போட்டே சொன்னான், கீழே உட்கார்ந்து ஈர மண்ணை அள்ளிக் குழைத்துக் காயத்தில் அப்பினான், மண்ணை மீறிப் பால் வந்தது, மறுபடி அப்பினான், இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நெற்றியை மரத்தில் சாய்த்தான். எனக்க மக்களே. நான்தான் அமுக்கினேன் மக்களே. அங்கேதான் அழுகை வந்தது, மூன்று வாரத்துக்கும் சேர்த்து, மூக்கெல்லாம் ஒழுகி, சின்னப் பிள்ளை மாதிரி. அழுது முடித்துக் கண்ணைத் திறந்தபோது, முகத்துக்கு அரை சாண் தூரத்தில், ஈரப் பாசியின்மேல் வெயில் விழுந்திருந்தது. பச்சை. அத்தனை பச்சை. இந்தத் தடவை அவன் கல்லை எடுத்து எறியவில்லை.

மிச்ச மரங்களை அவன் ஒழுங்காகவே வெட்டினான், நூல் கனத்துக்கு. சாபமும் வரவில்லை, ஸ்தோத்திரமும் வரவில்லை. இடையிடையே காய் வெடித்தது, தோள் துள்ளியது, அது நிற்கப்போவது இல்லை. தீர்மானம் எதுவும் பண்ணினானா என்று கேட்டால், இல்லை. கத்தி இடுப்புப் பையில் இருந்தது, பின்பக்கம், அது அங்கே இருப்பது தோலுக்குத் தெரிந்தது. சரிவில் இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பியபோது முற்றத்துப் பலாமரத்தடியில் இரண்டு பைக். ஒன்பது ஆகவில்லை, அதற்குள் வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அவர்களே எடுத்துப் போட்டிருந்தார்கள். சற்குணம் சார். பக்கத்தில் சபை மூப்பர் தவமணி. எதிரே, இவன் வீட்டு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, றெஜின். வெள்ளைச் சட்டை. தேய்த்த சட்டை. மடிப்புக் கலையாத சட்டை. அதைப் பார்த்ததும் இவனுக்குக் கண் இருட்டியது. யார் தேய்த்துக் கொடுத்தது இதை? "வா றசலையா, இரி," என்றார் சற்குணம் சார், இவன் வீட்டு முற்றத்தில் இவனையே உட்காரச் சொன்னார். இவன் உட்காரவில்லை. "மாமா," என்று றெஜின் எழுந்து கையைப் பிடிக்க வந்தான், "நான் செய்தது தெற்றுதான் மாமா, இனி ஒருக்காலும்..." இவன் கையைக் கொடுக்கவில்லை, கையில மண்ணு, என்று மட்டும் சொல்லிவிட்டு அவனைச் சுற்றி நடந்து வாசற்படியில் ஏறி நின்றுகொண்டான். உள்ளே கதவுக்குப் பின்னால் பெனிலாவின் மூச்சு கேட்டது. கம்பிக்குள்ளே இழுக்கிற மூச்சு, சீழ்க்கை மாதிரி. "அவளுக்க துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு," என்றார் தவமணி. "பேசி முடிச்சு மத்தியானத்துக்குள்ள புறப்பட்டா நல்லது." "மொதல்ல ஜெபம்," என்றார் சற்குணம் சார். "ஜெபத்தோட தொடங்குவோம். றசலையா, நீதானே வீட்டுத் தலைவன், நீயே பண்ணு." மூன்று பேரும் தலை குனிந்தார்கள். மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். றெஜின் மறுபடி உட்கார்ந்து, முழங்காலில் கையூன்றி, விரல்களைக் கோத்துக்கொண்டு, தலையை நன்றாகத் தாழ்த்தினான். அவன் பிடரி இவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் விரிந்து கிடந்தது.

இவன் கண்ணை மூடவில்லை. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. விரலுக்குப் பிடி கிடைத்தது. யாரும் பார்க்கவில்லை, ஜெபத்தில் யார் பார்ப்பார்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஓர் இழுப்பு. புதுசாகச் சவரம் பண்ணின பிடரி, பவுடர் கூடப் போகவில்லை. பலாமரத்திலிருந்து ஒரு முசுறு எறும்பு விழுந்து அந்தப் பிடரியில் நடந்துகொண்டிருந்தது. சிவப்பு. நின்றது, இரண்டு முன்கால்களால் தன் மீசையைத் துடைத்தது, அந்த மயிர் போன்ற கால்களால், ஓர் அவசரமும் இல்லாமல். வெயில் அதன் வயிற்றுக்குள்ளே புகுந்து தேன் நிறத்தில் வெளியே வந்தது. இங்கேயுமா? இந்தக் கழுத்தின் மேலேயுமா கொண்டு வந்து வைப்பீர்? இவனுக்குமா வெயில் அடிக்கும்? அடித்தது. அவன் யோக்கியதை பார்த்து அடிக்கவில்லை, அது பாட்டுக்கு அடித்தது. "ஜெபம் பண்ணு றசலையா," என்றார் சற்குணம் சார் மூடின கண்ணோடு. வாய் திறந்தது, பழக்கம், ஆறு வருஷத்துப் பழக்கம், பார்த்ததைச் சொல்லுகிற வாய். "ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றான். குரல் கரகரத்தது. "இந்த எறும்புக்கு ஸ்தோத்திரம். ஏன் இங்க வச்சீருண்ணு எனக்குத் தெரியாது. ஒம்மெட்டெ எனக்குக் கோவம் உண்டும். கொல்லணும்ணு நெனச்சேன். இப்பவும் எனக்க கை கத்திமேலதான் இருக்கு." றெஜினின் பிடரி விறைத்தது, தவமணியின் நாற்காலி கிறீச்சிட்டது, ஆனால் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை. "எனக்க மக மூணு மட்டம் என்னெக் கூப்பிட்டா ஆண்டவரே. நான் ஒம்மெத் துதிச்சிட்டு நிண்ணு போனெ அமுக்கிப் போட்டேன். அந்தத் துதி ஒமக்கு வேண்டியிருந்திருக்காது. நீரு போனெ எடுலேண்ணுதான் சொல்லியிருப்பீரு, எனக்குத்தான் கேக்கல்ல. அவ நேற்று இன்னொரு மட்டம் கூப்பிட்டா, எழுதிக் கேட்டா, அதையும் அமுக்கினேன். இனி அமுக்கமாட்டேன். எனக்க மகளெ நான் இவன்கூட அனுப்பமாட்டேன். இண்ணைக்கும் இல்ல, எண்ணைக்கும் இல்ல. அனுப்பமாட்டேன். இந்த வார்த்தையெ எனக்க வாயில தந்ததுக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

"ஆமென்," என்றார் சற்குணம் சார். அறுபது வருஷப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். திறந்து, தான் எதற்கு ஆமென் போட்டோம் என்று யோசித்து, நடு உச்சியைக் கையால் தடவினார். "றசலையா, இப்பிடி ஜெபத்திலெ வச்சா... நாம பேசல்லியா வந்தது?" "பேசியாச்சு சாறே," என்றான். கத்தியைப் பையோடு அவிழ்த்து எட்டாத தூரத்துக்கு முற்றத்தில் வீசினான். றெஜின் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்து விழுந்தது. இப்போது கண்ணீரும் இல்லை, மாமாவும் இல்லை. "வழி விடும்வேய். எனக்க பொண்டாட்டியெ எனக்குக் கூட்டிட்டுப் போகத் தெரியும்," என்று ஒரே எட்டில் படியேறி இவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். இவன் முதுகு நிலையில் இடித்தது, தலை இடித்தது, காதுக்குள்ளே விண்ணென்றது. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டான். தள்ளினவன் மறுபடி கை ஓங்கினபோது, "றெஜினே!" என்று சற்குணம் சார் போட்ட சத்தத்தில் பலாமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. அந்த வாத்தியார் இப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டது இல்லை. ஓங்கின கை அப்படியே நின்றது. அந்த நேரத்தில் றசலையனின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. சட்டையை ஒரு கை பற்றியது, கொத்தாக, வியர்வையோடு சேர்த்து. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. கம்பி கட்டின பல்லுக்குள்ளேயிருந்து, முனகலா சீழ்க்கையா என்று தெரியாத சத்தம். றெஜினுக்குப் புரியவில்லை, தவமணிக்கும் புரியவில்லை. அப்பனுக்குப் புரிந்தது. பெனிலா ஆமென் என்று சொன்னாள்.